பால் ஊற்றுவதற்கு முன் ஒரு மடக்கு

டீக்கடையில் மாஸ்டர் நம்மிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஸ்ட்ராங்கா, லைட்டா? சர்க்கரை போடலாமா, வேண்டாமா? எந்த மலையில் விளைந்த தேயிலை, எந்த மாதம் பறித்தது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. காபிக்கு மட்டும் பீபெரியா, பிளான்டேஷன் ஏ-யா, சிக்கரி எவ்வளவு என்று கடைக்காரரை உட்காரவைத்து விசாரிப்போம். தேயிலை என்று வந்தால் "கால் கிலோ டீத்தூள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதில் குற்றம் ஒன்றுமில்லை. பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதிக்கும் டீக்கு வேண்டியது நல்ல சாயமும் கொஞ்சம் கடுப்பும் மட்டும்தான். மலையின் வாசனை அதில் வெளியே தெரியாது. ஆனால் தேயிலையில் எத்தனை வகை ருசி உண்டு என்று அறிய ஆசைப்படுகிறவர், ஒரு தடவையாவது பால் ஊற்றுவதற்கு முன் ஒரு மடக்கு குடித்துப் பார்க்கத்தான் வேண்டும். அந்த மடக்கில் என்னவெல்லாம் தெரியும், அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரீன் டீ ஒரு செடி, சாதா டீ இன்னொரு செடி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கிரீன், பிளாக், ஊலாங், ஒயிட் எல்லாமே கமெலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் கொழுந்துதான். அந்தச் செடியில் முக்கியமான வகைகள் இரண்டு. சீன வகைக்கு இலை சிறியது. குளிரைத் தாங்கும், வாசனை தூக்கல். அசாம் வகைக்கு இலை பெரியது. வெயிலும் மழையும் பிடிக்கும், சாறு கெட்டி. செம்பருத்தி டீ, துளசி டீ, சாமந்திப்பூ டீ என்று பொட்டலத்தில் வருபவற்றில் பல, தேயிலையே சேராத கஷாயங்கள். நன்றாகவே இருக்கும், ஆனால் அவை வேறு கணக்கு.

ஒரே செடியிலிருந்து இத்தனை ருசி எப்படி வருகிறது? பாதி விடை தொழிற்சாலைக்குள் இருக்கிறது. பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம் வாடவிடுகிறார்கள். ஈரம் குறைந்து இலை துவளும். வாசனைப் பொருள்கள் உருவாகத் தொடங்குவதும் அப்போதுதான். பிறகு உருட்டுவார்கள். உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருளும் காற்றில் ஒன்று சேர்கின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுத்துப்போகிறதே, அதே வினைதான். பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறும். கேட்டச்சினிலிருந்து தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற இரண்டு பிறக்கும். டீயின் பளபளப்பும் நாக்கைச் சுண்டுகிற சுறுசுறுப்பும் முதலாவதின் வேலை. செந்நிறமும் கனமும் இரண்டாவதின் வேலை. வினையை அதிக நேரம் ஓடவிட்டால் சாயம் ஏறும், சுறுசுறுப்பு இறங்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் இலையை மோந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும் நேரத்தில் அதை உலர்த்தும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சூட்டில் நொதி செத்துவிடும். வெளியே வரும்போது இலையில் மிஞ்சும் ஈரம் 3 சதவீதம் அளவுதான்.

இதே வினையை ஆரம்பத்திலேயே தடுத்துவிட்டால் கிரீன் டீ. தடுக்கும் முறையிலும் ருசி மாறுகிறது. ஜப்பானியர் கொழுந்தை ஆவியில் வேகவைப்பார்கள். அதனால் அவர்களுடைய செஞ்சா டீயில் வேகவைத்த கீரையின் மணமும் லேசான கடல் வாடையும் இருக்கும். சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வாட்டுவார்கள். ஹாங்சோவின் புகழ்பெற்ற லாங்ஜிங் டீயில் வறுத்த பருப்பின் மணம் வருவது அதனால்தான். பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். சீனாவின் ஃபூஜியனும் தைவானும் அதற்குப் பேர்போன இடங்கள். குறைவாக மாறிய ஊலாங் பூ மணக்கும், நன்றாக மாறி வறுபட்டது கருகல் இனிப்போடு இருக்கும். ஒயிட் டீக்கு உருட்டலே கிடையாது, வாடவைத்துக் காயவைப்பதோடு சரி. யுன்னான் மாகாணத்துப் பூ-எர் டீ மட்டும் தனி வழியில் போகிறது. நுண்ணுயிர்கள் வேலை செய்ய, வருடக்கணக்கில் முதிரவிடும் டீ அது. மழை நனைத்த மண்ணின் வாசனை என்று அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

ஜப்பானின் கியோகுரோவையும் மட்சாவையும் பற்றி ஒரு வார்த்தை. பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடிக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். தேயிலையில் தியானின் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. வெயில் பட்டால் அதில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். நிழலில் அது அப்படியே தங்கிவிடுவதால், காய்கறிகளை வேகவைத்து வடித்த தண்ணீரில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சுவை டீயில் வந்துவிடுகிறது. இப்போது ஐஸ்கிரீம், கேக், லாட்டே என்று எல்லாவற்றிலும் மட்சாத் தூள் விழுகிறது. அத்தனை சர்க்கரைக்கு நடுவே தியானினைத் தேடுவது வீண் வேலை.

நம் வீட்டு டீத்தூள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? அது பிளாக் டீதான், ஆனால் சிடிசி முறையில் செய்தது. 1930-களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் கண்டுபிடித்த இயந்திரம் அது. பல் வைத்த இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவே போகும் இலை நசுங்கி, கிழிந்து, குருணையாகச் சுருண்டு வெளியே வரும். இலை அத்தனை பொடியாவதால் வினை வேகமாக நடக்கும், வெந்நீரில் சாயமும் சட்டென்று இறங்கும். கிலோவுக்குக் கிடைக்கும் டீயின் எண்ணிக்கையும் கூடும். ஆனால் மென்மையான வாசனைகள் அந்த இழுபறியில் போய்விடும். இலையை முழுதாக உருட்டிச் செய்யும் பழைய முறைக்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். தென்னிந்தியர்கள் வாங்குவது பெரும்பாலும் சிடிசியிலும் ஆகப் பொடியான டஸ்ட் ரகம். ஆர்த்தடாக்ஸ் உசத்தி, சிடிசி மட்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இஞ்சி தட்டிப்போட்டு, ஏலக்காய் நசுக்கிப்போட்டுப் பாலோடு கொதிக்கும் டீக்கு சிடிசிதான் ஈடுகொடுக்கும். விலையுயர்ந்த டார்ஜிலிங் இலையை அந்தப் பாத்திரத்தில் போடுவது காசைக் கொதிக்கவைப்பதற்குச் சமம்.

பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால்தான் பால் டீ நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. கெட்டியான டீயில் இது நல்லது. மெல்லிய டீயில் துவர்ப்போடு அதன் உயிரும் அடங்கிவிடுகிறது.

விடையின் மறுபாதி மண்ணிலும் மலையிலும் இருக்கிறது. இதை இலங்கைத் தேயிலை போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றுமில்லை. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே காபிச் செடிகளில் இலைத்துரு நோய் பரவித் தோட்டங்கள் அழிய, மலை முழுக்கத் தேயிலை ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் உழைப்பில் எழுந்த மலைகள் அவை. அங்கே டீயை உயரத்தை வைத்தே பிரிக்கிறார்கள். 600 மீட்டருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 1,200 மீட்டருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை, நடுவில் இருப்பது நடுநிலம். கீழே போகப்போகச் சாயமும் கனமும் கூடும். தாழ்நிலத்து ருகுணுத் தேயிலை கறுப்பாக, கெட்டியாக இருக்கும். மத்திய கிழக்கு நாடுகளில் அதற்குப் பெரிய சந்தை. மேலே போகப்போக நிறம் வெளுத்து வாசனை எழும். நுவரெலியா டீயைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் வெளிர்ப் பொன்னிறத்தில் இருக்கும். வெறும் கலரைப் பார்த்து இதில் டீயே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது.

இவற்றில் நான் முதலில் சிபாரிசு செய்வது மலைக்குக் கிழக்குப் பக்கத்து ஊவா டீ. ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி ஊவாவுக்கு வருவது உலர்ந்த காற்று மட்டுமே. அந்தக் காற்றில் தவிக்கும் செடி மெதுவாக வளர்ந்து சில வாசனைப் பொருள்களை அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலங்களில் வருகிற அதே வாசனை. தைலம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், டீயில் அது ஒரு குளிர்ந்த பின்வாசனையாக மட்டும் தங்கும். மலைக்கு மேற்குப் பக்கத்து டிம்புலவில் இதற்கு நேர்மாறு, அங்கே நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரே தீவு, ஒரே செடி, காற்று வீசும் திசைதான் வேறு.

நீலகிரி கதையும் காற்றையும் குளிரையும் பற்றியதுதான். இரண்டு பருவமழையும் கிடைப்பதால் அங்கே ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்கிறார்கள். ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவுக் குளிர் உறைபனியைத் தொடும்; பகல் உலர்ந்து கிடக்கும். அப்போது துளிரும் கொஞ்சநஞ்சக் கொழுந்தில் செய்வதைத்தான் ஃப்ராஸ்ட் டீ என்று விற்கிறார்கள். நல்ல பூ மணம், கசப்பு மிகக் குறைவு. நீலகிரி டீக்கு இன்னொரு குணமும் உண்டு. பல டீக்கள் ஆறியதும் கலங்கிப்போகும். தியாஃபிளேவினும் கஃபீனும் ஒட்டிக்கொண்டு திரிவதால் வருவது அது. நீலகிரி டீ ஆறினாலும் பெரும்பாலும் தெளிவாகவே இருப்பதால் ஐஸ் டீக்கு அதை விரும்பி வாங்குகிறார்கள். இதையெல்லாம் மீறி, நீலகிரியில் தயாராவதில் பெரும்பங்கு சிடிசிதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் பல, அரசின் டான்டீ தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. டிம்புலவிலும் கூடலூரிலும் ஒரே குடும்பத்தின் கைகள் கொழுந்து கிள்ளியிருக்கக்கூடும்.

டார்ஜிலிங் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனால் அங்குள்ள பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. மார்ச், ஏப்ரல் மாதத்து முதல் பறிப்பு பச்சை கலந்த பொன்னிறமாக, இளந்துளிர் மணத்தோடு இருக்கும். மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பில் பழுத்த திராட்சையின் வாசனை எழும். அந்த வாசனைக்குப் பெரிய காரணம் ஒரு சின்னப் பச்சைத் தத்துப்பூச்சி. அது இலையின் சாற்றை உறிஞ்சும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. தைவானின் ஓரியண்டல் பியூட்டி என்ற ஊலாங் டீயும் இதுபோன்ற பூச்சிக் கடியால் பேர்பெற்றது. பூச்சிமருந்து அடித்துவிட்டால் அந்த ருசி வராது. மழைக்காலம் வந்ததும் டார்ஜிலிங் சாதாரண டீ ஆகிவிடும். எனவே பொட்டலத்தில் 'டார்ஜிலிங்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, எந்தப் பறிப்பு என்று பார்த்து வாங்குங்கள். அசாம் சமவெளியின் டீயில் முளைகட்டி வறுத்த தானியத்தின் மணம் வரும். இதில் மட்டும் இலை டீயாக இருந்தாலும் கொஞ்சம் பால் விடலாம், தாங்கும்.

வெளியிலிருந்து வாசனை ஏற்றும் டீக்கள் இன்னொரு கூட்டம். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சீனர்கள் இதைக் கலையாகவே ஆக்கிவிட்டார்கள். மல்லிகை மொட்டுகளைப் பகலில் பறித்து, இரவில் அவை விரியும் நேரத்தில் கிரீன் டீயோடு கலந்து வைப்பார்கள். காலையில் பூவைப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு இதைப் பல இரவுகள் செய்வார்கள். அவர்கள் பயன்படுத்துவதும் மதுரை மல்லியும் ஒரே இனம்தான். ஏர்ல் கிரே டீயில் வருவது பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தோலின் எண்ணெய். வூயி மலையின் லாப்சாங் சூசோங் டீயைப் பைன் விறகுப் புகையில் உலர்த்துவார்கள். குடித்தால் அடுப்படி நினைவு வரும். விலை மலிவான 'ஃபிளேவர்' டீக்களில் இந்த உழைப்பு எதுவும் இருக்காது, எசன்ஸ் தெளித்திருப்பார்கள். அதே இழுக்கும் குணத்தால் வீட்டில் ஆபத்தும் உண்டு. மசாலா டப்பாவுக்கும் பெருங்காயத்துக்கும் பக்கத்தில் தேயிலை இருக்கக்கூடாது. காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பாவில் தனியாக வையுங்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். ஆர்த்தடாக்ஸ் பிளாக் டீக்கு ஒரு கோப்பை, அதாவது 150 மில்லி தண்ணீருக்கு, 2 கிராம் இலை. புதிதாகக் கொதித்த தண்ணீரை இலைமேல் ஊற்றி மூடி வையுங்கள். மூன்று அல்லது நான்கு நிமிடம் கழித்து வடித்துவிடுங்கள். இலையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. கிரீன் டீக்குக் கொதிநீரே ஆகாது. 70 முதல் 80 டிகிரி போதும், நேரம் இரண்டு நிமிடம். வெப்பமானி வேண்டியதில்லை. கொதித்த தண்ணீரைப் பாலை ஆற்றுவதுபோல் டம்ளருக்கு டம்ளர் இரண்டு மூன்று தடவை மாற்றினால் அந்தச் சூட்டுக்கு இறங்கிவிடும். கிரீன் டீ கசக்கும், மருந்து மாதிரி இருக்கும் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் கொதிநீரை ஊற்றி, டீ பேக்கை எடுக்காமலே கடைசிவரை குடித்தவர்கள். சூடு கூடினால் துவர்ப்பும் கசப்பும் ஓடிவந்துவிடும். தியானினோ குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும்.

தண்ணீரும் ஒரு சரக்குதான். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எந்த டீயும் மங்கிப்போகும், மேலே மெல்லிய ஏடு படியும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுப்பது வேறு சங்கதி. அது புளிப்பு செய்யும் மாற்றம், டீ கெட்டுவிடவில்லை.

ருசி பார்ப்பதற்குச் சிறந்த வழி ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்துக் குடிப்பது. இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று குடித்தால் வித்தியாசம் நினைவில் நிற்காது. ஒரு நீலகிரி, ஒரு அசாம், ஒரு கிரீன் டீ போதும் தொடங்குவதற்கு. குன்னூர், கொழும்பு ஏலங்களுக்குச் சரக்கைச் சோதிப்பவர்கள் டீயைச் சத்தமாக உறிஞ்சுவார்கள். காற்றோடு உள்ளே போனால்தான் வாசனை மூக்கின் பின்பக்கத்துக்கு ஏறும். வீட்டுப் பெரியவர்கள் திட்டினாலும் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். வடித்த ஈர இலையையும் மோந்து பாருங்கள், கோப்பையில் தெரியாதது அங்கே தெரியும். ருசிக்குப் பெயர் வைப்பதற்கு விலைப்பட்டியல்களில் வரும் சொற்களைத் தேட வேண்டாம். நெல் அவிக்கும் வாசனை, வெல்லப்பாகு, நனைந்த வைக்கோல் என்று உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதுவே சரி. சர்க்கரை இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு யாழ்ப்பாணத்து வழக்கம் ஒன்று கைகொடுக்கும். அங்கே வெறுந்தேத்தண்ணியைக் குடிக்கும்போது பனங்கட்டியைத் தனியே கடித்துக்கொள்வார்கள். இனிப்பு வாயில் இருக்கும், டீ கலப்பில்லாமல் இருக்கும்.

வாங்கும்போது ஓபி, பிஓபி என்று பொட்டலத்தில் போட்டிருப்பவை இலையின் அளவையும் வடிவையும் சொல்லும் எழுத்துகள், தரச்சான்று இல்லை. தோட்டத்தின் பெயரும் பறித்த பருவமும் இருக்கிறதா என்று பாருங்கள். கிரீன் டீயைச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும், பிளாக் டீ ஓராண்டுக்கு மேலும் தாங்கும். சில்லறையில் வாங்கிய தூளில் சாயம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஈரமான வடிதாளில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். கலப்படமானால் உடனே நிறம் பரவிக் கறை பிடிக்கும்.

அடுத்த முறை ஊட்டிக்கோ குன்னூருக்கோ போனால் சாக்லேட் டீ, ஸ்ட்ராபெர்ரி டீ அடுக்கியிருக்கும் தட்டைத் தாண்டிப் போய், "இந்தக் குளிர்காலத்தில் பறித்த ஆர்த்தடாக்ஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கிலோ 2,000 ரூபாய் என்றால் மலைக்க வேண்டாம். 100 கிராம் 200 ரூபாய். அதில் 50 கோப்பை வரும். கோப்பைக்கு நான்கு ரூபாய்தான் ஆகிறது, தெருமுனைக் கடை டீயைவிடக் குறைவு.